சமைத்தால் மனசு லேசாகிறது, சாப்பிடத்தான் ஆளில்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 56. பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். இப்போது சிலாங்கூர் மாநிலம் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. மகன் ஷா ஆலாமில், மகள் ஜொகூரில். வீட்டில் இவரும் கணவரும் மட்டும். கணவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), அரைத்தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். "அடுப்படியில நிற்கும்போது மட்டுந்தான் மனசு லேசா இருக்கு. ஆக்கி வெச்சுட்டுப் பார்த்தா சாப்பிட ஆளில்ல. பிள்ளைங்க கடை போடச் சொல்றாங்க. சமையலை நம்பி மிச்ச காலத்தை ஓட்ட முடியுமா? ஒவன் வாங்கலாமா? முழங்கால் வேற வலிக்குது" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நான் உங்களைவிட மூத்தவள். ரவாங் பக்கம் கல்யாணச் சமையல், விசேஷச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தவள். இப்போது உடம்பு முன்போல் ஒத்துழைப்பதில்லை, வீட்டிலேயே சில பேருக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முடியும். ஆனால் சமையல் ஆசை மட்டும் இருந்தால் போதாது. உங்கள் சாப்பாட்டை எதிர்பார்த்து, நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயிறு வேண்டும். அது யாருடைய வயிறு என்று முதலில் தேடுங்கள். கடை, ஒவன் எல்லாம் அப்புறம்.

இப்போது வெறிச்சென்று இருப்பதற்கு உங்கள் குணத்தில் காரணம் தேட வேண்டாம். தோட்டத்தில் சமையலுக்கு நேரம் குறித்தது நாம் இல்லை, பால்மரம். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு, வேலையாட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. பெரட்டுக்கு முன்னால் கோப்பி, கையில் கொண்டுபோகப் பசியாற ஏதாவது, ஆயாக்கொட்டகைக்கு (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) போகிற பிள்ளைக்குத் தனியாக ஒரு கிண்ணம். அப்படியென்றால் ஊர் உறங்கும்போதே அடுப்பு எரிந்தாக வேண்டும். பாலை எடைபோட்டுவிட்டு ஆட்கள் திரும்பும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். யாரும் "உன் சமையல் பிரமாதம்" என்று சொன்னதில்லை. சோறு தாமதமானால் மட்டும் சத்தம் வரும். அந்தச் சத்தம்கூட ஒரு மரியாதைதான் என்று இப்போது தெரிகிறது.

லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குசினி பின்பக்கம். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் வரிசை முழுக்கத் தெரியும். புளி கேட்டு ஒருத்தி வருவாள், தேங்காய் துருவிக்கொண்டே இன்னொருத்தி கதை பேசுவாள். கறி எடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது.

பிறகு என்ன ஆனது என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டதே உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். 1960-களுக்குப் பிறகு தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நிலம் கைமாறியது, நம் ஆட்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். 2007-இல் ஊர்ப் பெயரையே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், நாம்தான் இன்னும் பழைய பெயரை விடவில்லை. தாமான் வீட்டில் குசினி சுவருக்குள் போய்விட்டது. கம்பிக் கதவைத் தாண்டி யாரும் புளி கேட்டு வருவதில்லை. சமையல் உங்கள் கையிலேயேதான் இருக்கிறது. அதற்கு நேரம் வைத்த வேலையும், அதைக் கேட்டு வந்த ஆளும்தான் போய்விட்டார்கள். ஆகவே திரும்பக் கொண்டுவர வேண்டியது அந்த இரண்டையும்.

முதல் வயிறு வீட்டிலேயே இருக்கிறது. அரைத்தட்டோடு எழுந்திருப்பது உங்கள் சமையலுக்கு அவர் போடும் மார்க் இல்லை. இனிப்பு நீர்க்காரர் அப்படித்தான் எழுந்திருக்க வேண்டும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் 'சூக்கு சூக்கு செப்பாரோ' படத்தைப் பார்த்திருப்பீர்கள்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதி காய்கறியும் பழமும். நம் வீடுகளில் இது தலைகீழ். முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பயற்றங்காய்ப் பொரியல். நாம் காய்கறியைச் சோற்றுக்குத் துணையாகவே சமைத்துப் பழகியவர்கள், அதையே பாதித் தட்டுக்குப் பரிமாறினால் யாருக்கும் இறங்காது. பீர்க்கங்காயைப் பாசிப்பருப்போடு கூட்டாக்கி, சேக்கூர் மானிஸ் கீரையை நெத்திலி போட்டு வதக்கி, வாழைப்பூவைத் தேங்காய் குறைத்து, மிளகு சேர்த்து ஆக்கிப் பாருங்கள். பாதித் தட்டு காய்கறியை ஒரு மனுஷனை விரும்பிச் சாப்பிட வைப்பது பிரியாணி போடுவதைவிடக் கஷ்டமான வித்தை. உங்கள் கைக்கு அது சவாலாக இருக்கும். நடுவில் ஒன்று: கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறும்.

பிள்ளைகள் விஷயம். வார இறுதிக்கு வரும்போது எட்டு வகை ஆக்கி வைத்து, அவர்கள் இரண்டை மட்டும் தொட்டுவிட்டுப் போனில் உட்கார்ந்தால் உங்களுக்கு மனசு கசக்கும். அந்த எட்டு வகை அவர்கள் கேட்டதில்லை, தங்கச்சி. வருவதற்கு முன்பே "எது வேணும், ஒன்னு மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டதை மட்டும் செய்யுங்கள். மீதி நேரம் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். நம் பெண்கள் பரிமாறிக்கொண்டே நிற்பதில் பெருமைப்படுவோம், எனக்கு அந்தப் பெருமையில் இப்போது நம்பிக்கை இல்லை.

சரி, அடுத்து நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. சமையலில் உங்களுக்கு எது பிடிக்கிறது? கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வகுப்புக்கு வரும் பெண்களில் பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வருவதில்லை. சிலருக்குச் செய்வது பிடிக்கும், சிலருக்கு ஊட்டுவது. வேறு சிலருக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, இன்னும் சிலருக்குச் சொல்லிக்கொடுப்பது. எல்லாம் ஒரே அடுப்படியில் நடப்பதால் ஒன்றாகத் தெரிகிறது.

செய்வது பிடிக்கும் என்றால் என்ன என்று ஒரு சம்பாலை வைத்துச் சொல்கிறேன். காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதை உதிர்த்து, வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடும் சுட்ட பெலாச்சானோடும் (இறால் விழுது) அரைத்து, தாராளமாக எண்ணெய் ஊற்றிச் சட்டியில் இறக்குகிறீர்கள். முதலில் கொதிக்கும், தெறிக்கும், மூக்கில் காரம் ஏறும். தீயைக் குறைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். அரைத்த விழுதில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது, அதுவரை மிளகாய் வேகும், ஆனால் வதங்காது. தண்ணீர் வற்றியபிறகுதான் எண்ணெயின் சூடு மேலே ஏறி, பச்சை வாடை போய், நிறம் செங்கல் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கு மாறும். அப்போது சத்தமும் மாறும், கொதிக்கிற சத்தம் அடங்கிப் பொரிகிற சத்தம் வரும். கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்தால் சட்டியின் அடி தெரியும், அந்தத் தடத்தில் எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து நிரம்பும். மலாய்க்கார அக்காமார் 'பெச்சா மின்யாக்' என்பார்கள், நாம் எண்ணெய் பிரிந்தது என்கிறோம். புளியும் வெல்லமும் அதற்குப் பிறகுதான். அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. அந்த அரை மணி நேரம் உங்களுக்கு வேறு நினைப்பே வராமல் போகிறதா? அப்படியென்றால் உங்களுக்குச் செய்வது பிடித்திருக்கிறது. அதே சம்பாலைக் கிண்டும்போது, "இதை யார் சாப்பிட்டு என்ன சொல்வார்கள்" என்பதே மனசில் ஓடுகிறது என்றால் உங்களுக்கு ஊட்டுவது பிடித்திருக்கிறது.

இதில் உயர்வு தாழ்வு கிடையாது. ஆனால் வழி வேறு. செய்வது பிடித்தவருக்குக் கூட்டம் தேவையில்லை, ஒரே பண்டத்தை ஆழமாகப் பழகினாலே நிறைவு வரும். ஊட்டுவது பிடித்தவரைத் தனியாக விட்டால் வாடிப்போவார். உங்கள் கேள்வியில் 'ஆளில்ல' என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் உங்களை இரண்டாவது ரகம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் தாமானில் தனியாக இருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து ஊர்களில் இளசுகள் கோலாலம்பூர், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் தாத்தா பாட்டிகள் ரொட்டியைக் கோப்பியில் நனைத்தோ, ஒரு சாடின் டின்னை இரண்டு நாளைக்கு வைத்தோ ஓட்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். சில வகை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு ருசியைவிட முக்கியம், மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வருவது. நான் முதலில் சொன்ன, நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கும் வயிறு இதுதான்.

கணவருக்கு ஆக்குவதையே இரண்டு பேருக்குக் கூடுதலாக ஆக்குங்கள். இரண்டு பேர் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் தவறக் கூடாது, சொல்லாத நாளில் போகவும் வேண்டாம். இலவசமா என்றால், வேண்டாம் என்பேன். அரிசியோ தேங்காயோ வாழையிலையோ, அவர்களால் முடிந்ததைக் கொடுக்கட்டும். அவர்கள் பிள்ளைகள் மாதம் ஏதாவது பணம் அனுப்புவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் கையோடு வாங்கிச் சாப்பிடுவது நம் பெரியவர்களுக்குக் கூச்சம், மூன்றாம் வாரம் "இன்னைக்குப் பசிக்கல" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார், உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நான் ரொம்ப நாளாகச் சொல்லி வருவது. யாரும் காதில் வாங்குவதில்லை, நீங்களாவது கேளுங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கான பத்தியச் சாப்பாடு. தோட்டத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு லயத்திலும் ஒரு பாட்டி இருந்தார். இன்றைக்கு ரவாங்கிலும் புஞ்சாக் ஆலாமிலும் இருக்கும் இளம் தம்பதிகளுக்கு அம்மா தூரத்தில், அல்லது வேலைக்குப் போகிற அம்மா. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் என்ற பத்தியம் பார்க்கிறார்கள், சீனர்கள் ஒரு மாதம் பார்க்கிறார்கள், இரண்டு இனத்திலும் அதைத் தொழிலாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் சாப்பாட்டுக்கு ஆள் தேடி நம் பெண்கள் அலைகிறார்கள். பூண்டுக் குழம்பு, மிளகுக் குழம்பு, சுக்கும் திப்பிலியும் இடித்துப் போட்ட செலவு ரசம், முருங்கைக்கீரை, நல்லெண்ணெயில் வறுத்த பூண்டு: இதையெல்லாம் காரம் பார்த்து, பக்குவம் பார்த்து ஆக்கும் கை உங்கள் வயதுப் பெண்களிடம்தான் இருக்கிறது.

பூண்டுக் குழம்பில் இளசுகள் செய்யும் தவறு என்ன தெரியுமா? பூண்டைப் பெரிய தீயில் வதக்குகிறார்கள். வெளியே கருகி, உள்ளே பச்சையாக, கசப்போடு குழம்பில் போய் உட்காரும். தோலுரித்த முழுப் பூண்டை நல்லெண்ணெயில் சிறு தீயில் வைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்தில் எடுத்துவைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெந்தயம் தாளித்து, புளியைக் குறைத்துக் கரைத்து ஊற்றிக் கொதித்தபின் பூண்டைச் சேர்க்க வேண்டும். மிளகாய்க்குப் பதில் மிளகு. இப்படிச் செய்தால் பிள்ளை பெற்றவள் பூண்டைத் தனியாக எடுத்துச் சாப்பிடுவாள், ஒதுக்க மாட்டாள்.

பழைய பத்தியத்தில் விட வேண்டியதும் உண்டு. பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு கொடுப்போம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்பது இப்போது டாக்டர்கள் சொல்வது. அதே புட்டைக் கெம்போங் மீனில் செய்யலாம். அவித்து, முள் எடுத்து, மஞ்சளும் இஞ்சியும் பூண்டும் போட்டு உதிர்த்தால் பிள்ளை பெற்றவளுக்கு வித்தியாசமே தெரியாது. தண்ணீர் குடிக்கவிடாமல் காயப்போடுவதும் வேண்டாம், பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் கிளினிக் மிஸ்ஸி (தாதி) சொல்வதற்கும் பாட்டி சொன்னதற்கும் இடையில் உங்கள் சாப்பாடு நிற்க வேண்டும். முரண்பட்டால் மிஸ்ஸி பக்கம் சாயுங்கள்.

துக்க வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுபோகும் என்பது நம் வழக்கம். தோட்டத்தில் யாரும் சொல்லாமலே நடந்தது. தாமானில் இப்போது கேட்டரிங்குக்குப் போன் போடுகிறார்கள், அல்லது பக்கத்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறார்கள். ஒரு பானை ரசம், ஒரு பருப்பு, ஒரு பொரியல் என்று நீங்கள் கொண்டுபோய் வைத்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். கோயில் அன்னதானத்தில் போய் நிற்பதும் நல்லதுதான். ஆனால் அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள், நீங்கள் ஒரு நாள் வராவிட்டாலும் வேலை நடக்கும். உங்களுக்கு இப்போது தேவை, நீங்கள் வராவிட்டால் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம்.

இனி கடை. பிள்ளைகள் ஆசையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கையில் ருசி இருக்கிறது என்றால் உடனே "கடை போடு" என்பது நம் சமூகத்தில் ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. பாட்டுப் பாடுகிற எல்லாரையும் நாம் கச்சேரி வைக்கச் சொல்வதில்லையே. 1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசே பேசப்படாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. கூலிக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் முதலிலேயே புகுந்துவிட்டால், ஆசைக்காகச் செய்தது மறந்துபோகிறது.

கல்யாணச் சமையலில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அருமையாகச் சமைக்கும் பெண்கள், சீசன் முடிந்து வீட்டில் சொந்தப் பிள்ளைக்கு மெகி கிண்டிக் கொடுப்பார்கள். கனடாவில் வாலெராண்ட் என்ற உளவியலாளர் 2003-இல் ஆசையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அதை நாம் பிடித்திருப்பது, வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது வைக்கலாம். மற்றது, அது நம்மைப் பிடித்திருப்பது, விட்டால் குற்ற உணர்வு, செய்தால் அலுப்பு. கடன் வாங்கிக் கடை போட்டவருக்கு முதலாவது இரண்டாவதாக மாற அதிக நாள் ஆவதில்லை.

அதற்காகக் காசே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. காசும் ஒரு மரியாதை. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பண்டம், முதல் நாளே ஆர்டர், முன்பணம். இதைத் தாண்ட வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் முறுக்கும் அதிரசமும் எடுக்கலாம். விலை போடும்போது மாவு, எண்ணெய், கேஸ் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. முறுக்குப் பிழிய ஆறு மணி நேரம் நின்றால் உங்கள் கூலியே 52 வெள்ளி. அதைச் சேர்த்துவிட்டு, அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால் விற்காதீர்கள். பிரியப்பட்டவர்களுக்குச் சும்மா கொடுங்கள், அது கௌரவம். நஷ்டத்துக்கு விற்பதில் கௌரவமும் இல்லை, காசும் இல்லை.

சட்டம் சுருக்கமாக. தொடர்ந்து விற்பதென்றால் தொடங்கிய 30 நாளுக்குள் வியாபாரங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60. உணவைக் கையாள்பவர்களுக்கான பயிற்சியும் டைபாய்டு ஊசியும் 2009 உணவுச் சுகாதார விதிமுறைப்படி கட்டாயம், ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். அமானா இக்தியார், தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்பூமி என்று கடன் திட்டங்கள் இருக்கின்றன, வாடிக்கையாளர் நிலைக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் ஊரில் யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருப்பதால் மாணவர்களுக்கு நாசி லெமாக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று எழுதுவது குற்றம். வீட்டில் காட்டுப்பன்றிப் பெரட்டல் ஆக்கும் பழக்கம் இருந்தால் அந்த வியாபாரத்தை நினைக்கவே வேண்டாம். தேங்காய்ப்பால் சோறு, கறி எதுவானாலும் வெளியில் வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், நம் வெயிலுக்கு அதுவே அதிகம்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. காசு வராது, ஆனால் உங்கள் மகளுக்கு ஒருநாள் தேவைப்படும். மத்திச் சாடின் டின்னில் வைக்கும் கறி, ஜப்பான்காரன் காலத்துப் பாட்டிகள் சோற்றுக்குப் பதிலாக ஆக்கிய மரவள்ளிக்கிழங்கு வகைகள், மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் போட்டுச் செய்வது, செராய் (எலுமிச்சைப் புல்) தட்டிப் போட்ட மீன் கறி. இதெல்லாம் தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் கிடைக்காது, மலாய்க் குறிப்புகளிலும் இப்படி இருக்காது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவிடமும் சீனர் மளிகைக் கடையிலும் கிடைத்ததைத் தோட்டத்துப் பெண்கள் நம் குழம்பில் சேர்த்தபோது பிறந்த சாப்பாடு இது.

இதில் சிக்கல் கை அளவு. "கொஞ்சம் உப்பு, ஒரு கை மல்லித்தூள்" என்றால் மகளுக்கு ஒன்றும் புரியாது. எழுத முயற்சி செய்யாதீர்கள், அலுத்துவிடும். வழக்கம்போல் சமையுங்கள், ஆனால் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எத்தனை கிராம் என்று வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிவு செய்துவிடுங்கள். ஒரே கறியை மூன்று நாலு தடவை இப்படிச் செய்தால் உங்கள் கை எவ்வளவு பிசகுகிறது என்று தெரியும். ஆச்சரியப்படுவீர்கள், பெரும்பாலும் பிசகவே பிசகாது. அந்தக் குரல் பதிவை வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்புங்கள். அவள் உடனே கேட்க மாட்டாள். கேட்டாயா என்று விசாரிக்காதீர்கள்.

முழங்காலுக்கு: நின்றே சமைப்பதை நிறுத்துங்கள். காய் நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்யலாம். சம்பால் கிண்ட உயரமான முக்காலி ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில் போடுங்கள், ஆடாத முக்காலியாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய அலுமினியப் பானையைத் தண்ணீரோடு தூக்காதீர்கள், அடுப்பில் வைத்துவிட்டு ஜக்கால் ஊற்றுங்கள். வலி இறங்காவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள், தைலத்தோடு வருடக்கணக்காக ஓட்ட வேண்டாம்.

ஒவன் இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு இடத்தில்கூட கேக், ரொட்டி என்ற பேச்சே இல்லை, யாரோ வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காசில் 5 கிலோ வரை காட்டும் எலெக்ட்ரிக் தராசு ஒன்று, நல்ல கத்தி ஒன்று, மூடி இறுக்கமான எவர்சில்வர் அடுக்குக் கேரியர் இரண்டு வாங்குங்கள். கேரியர் இரண்டாக இருந்தால்தான் ஒன்று பாட்டி வீட்டில் இருக்கும்போது மற்றதில் அடுத்த நாள் சாப்பாடு போகும்.